நாலு மீட்டருக்குள் ஒரு கார்

ஹூண்டாய் ஐ20 காரின் நீளம் 3,995 மில்லிமீட்டர். மாருதி பலேனோ 3,990. டாடா ஆல்ட்ரோஸும் 3,990. பெட்ரோல் என்ஜினின் கொள்ளளவைக் கேட்டால் முறையே 1197, 1197, 1199 சி.சி. ஒன்று கொரியக் கம்பெனி, ஒன்று ஜப்பானியரின் கையில் இருப்பது, இன்னொன்று உள்நாட்டுக் கம்பெனி. சந்தையில் ஒருவரையொருவர் விழுங்கப் பார்ப்பவர்கள். ஆனாலும் மூவரும் ஒரே கோட்டுக்கு ஐந்து, பத்து மில்லிமீட்டர் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் போட்டது எந்தப் பொறியாளரும் இல்லை, நிதியமைச்சகம்.

2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் எது என்பதற்கு இலக்கணமும் வகுக்கப்பட்டது. நீளம் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500-க்குள். பிறகு ஜி.எஸ்.டி. வந்தது, விகிதங்கள் மாறின, கோடு மட்டும் அங்கேயே நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40.

இந்த வரி கார்களை எப்படிச் செதுக்கியது என்பதற்கு ஸ்விஃப்ட் ஒன்றே போதும். 2005-இல் இந்தியாவுக்கு வந்தபோது அதில் இருந்தது 1298 சி.சி. என்ஜின். 2010-இல் அது 1197 ஆகச் சுருங்கியது. ஸ்விஃப்டுக்கு டிக்கி ஒட்டிச் செய்த டிசையர் 2008-இல் 4,160 மில்லிமீட்டர் நீளத்தில் வந்தது. 2012-இல் வந்த அடுத்த டிசையரின் நீளம் 3,995. பின்பக்கத்தை யாரோ அரிவாளால் சீவிவிட்டார்கள் என்று அப்போது கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. வாங்கத் தயங்கியவர்கள் அதைவிடக் குறைவு.

ஆகவே நம் ஊர் ஹேட்ச்பேக்கை ஓட்டும்போது நாம் உணரும் பலவற்றுக்கு வேர் நாலு மீட்டர், 1200 சி.சி. என்ற இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் தெரியும் மெல்லிய நடுக்கம், ஏற்றத்தில் ஏ.சி. போட்டால் வரும் சோர்வு, வேகத்தடையில் பின்சீட்டுக்காரர் வாங்கும் குத்து, விளம்பரத்தில் சொன்னதற்கும் கையில் கிடைப்பதற்கும் இடையே தொங்கும் மைலேஜ். இவற்றையெல்லாம் கம்பெனியின் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் உண்மையும் இருக்கும். மிச்சமெல்லாம் இயற்பியல்.

நாலு மீட்டருக்குள் ஐந்து பேரை உட்காரவைப்பது எப்படி என்ற கேள்விக்கான விடை நம் வரிச் சட்டத்துக்கு அரை நூற்றாண்டு முந்தையது. 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. குறைவாகக் குடிக்கும் சிறிய கார் வேண்டும் என்று அலெக் இஸ்ஸிகோனிஸ் என்ற வடிவமைப்பாளரிடம் கேட்டார்கள். 1959-இல் வந்த மினி, மூன்று மீட்டரைச் சற்றே தாண்டிய நீளத்தில் நாலு பேரைச் சுமந்தது. அவர் செய்த தந்திரம், அதுவரை பெரும்பாலும் நெடுக்காக வைக்கப்பட்ட என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன்சக்கரங்களையே ஓட்டச் செய்தது. பின்சக்கரம் வரை போகும் நீளமான தண்டு தேவையில்லை. அதற்காகத் தரையின் நடுவே மேடு கட்ட வேண்டியதில்லை. நீளமான பானெட்டும் தேவையில்லை. ஆனால் கியர்பெட்டிக்கு இடம் இல்லாமல் என்ஜினுக்கு அடியில், அதே ஆயிலுக்குள் முக்கி வைத்தார். அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் இத்தாலியின் தாந்தே ஜியகோசா. 1964-இல் வந்த ஆட்டோபியாங்கி பிரிமுலா என்ற காரில் கியர்பெட்டியை என்ஜினின் பக்கவாட்டில் ஒட்டவைத்தார். அதனால் இடது, வலது சக்கரங்களுக்குப் போகும் தண்டுகள் வெவ்வேறு நீளத்தில் அமைந்தன, அதையும் ஏற்றுக்கொண்டார். அந்தக் காருக்குப் பின்கதவும் உண்டு. இன்று இருங்காட்டுக்கோட்டையில் வரிசையாக வெளிவரும் ஐ20-யின் பானெட்டைத் திறந்தால் இதே ஏற்பாடுதான். மினி பெற்ற புகழில் பாதியாவது பிரிமுலாவுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது 2024-இல் வந்த நான்காம் தலைமுறை ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 3,860 மில்லிமீட்டர், முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,450. எடை ஏறத்தாழ 920 கிலோ. 1197 சி.சி. என்ஜின் 82 குதிரைத்திறன் தருகிறது. முந்தைய ஸ்விஃப்டிலும் இதே 1197 சி.சி.தான், அதில் நாலு சிலிண்டர், 90 குதிரைத்திறன். புதியதில் மூன்று சிலிண்டர். ஒன்றைக் கழித்துவிட்டார்கள், குதிரைகளும் குறைந்தன, விலை மட்டும் ஏறியது என்று முணுமுணுப்பு எழுந்தது நியாயமே. ஆனால் கழித்ததற்குக் காரணம் உண்டு.

1197-ஐ நாலால் வகுத்தால் சிலிண்டருக்கு 299 சி.சி.; மூன்றால் வகுத்தால் 399. பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே குளிர்நீருக்குப் போய் வீணாகிறது. சிலிண்டர் சின்னதாக ஆக ஆக, உள்ளே இருக்கும் வாயுவின் அளவுக்குச் சுவரின் பரப்பு அதிகமாகிறது, வீணாவதும் அதிகம். ஒரு சிலிண்டருக்கு 400 முதல் 500 சி.சி. வரை என்பது சிக்கனத்துக்கு நல்ல அளவு. தவிர, ஒரு பிஸ்டன் குறைந்தால் அதன் வளையங்கள், தாங்கிகள், வால்வுகள் எல்லாவற்றின் உராய்வும் சேர்ந்து குறைகிறது.

அதற்குக் கொடுக்கும் விலை, நடுக்கம். நாலு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் தண்டு அரைச்சுற்று சுற்றுவதற்குள், அதாவது 180 பாகைக்கு ஒருமுறை, ஒரு சிலிண்டர் வெடிக்கும். மூன்று சிலிண்டரில் 240 பாகைக்கு ஒருமுறை. மெதுவாகச் சுற்றும்போது இந்த இடைவெளி கைக்குத் தெரிகிறது. இன்னொன்றும் உண்டு. மூன்று பிஸ்டன்களும் மேலும் கீழும் போகும் விசைகளைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை, வரிசையாக நிற்கின்றன. இந்த முனைப் பிஸ்டன் மேலே வீசும்போது அந்த முனையில் இருப்பது கீழே இழுக்க, முழு என்ஜினும் பூங்காவில் இருக்கும் ஏற்றப்பலகை மாதிரி ஆடப் பார்க்கிறது. ரப்பர் தாங்கிகள் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றன. வண்டி ஓட ஆரம்பித்து என்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றுகளைத் தாண்டிவிட்டால் மறந்தும்போகும். பழக்கப்பட்டவர்களுக்கு மேல்சுற்றில் வரும் அந்தக் கரகரத்த உறுமல் பிடித்தும்விடும். மாருதி 800-இலும் மூன்று சிலிண்டர்தான் என்பதை இப்போது குறை சொல்பவர்களில் பாதிப் பேர் நினைவில் வைத்திருக்கவில்லை.

ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்ற புகாருக்கு வருவோம். நாலு பேர் ஏறி, பையெல்லாம் வைத்தால் மொத்தம் 1,250 கிலோ. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எட்டு சதவீதச் சரிவுள்ள ஓரிடத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏறுவதற்கு வேண்டியது 12, 13 குதிரைத்திறன். நம்மிடம் 82 இருக்கிறதே! இருக்கிறது, ஆனால் என்ஜின் நிமிடத்துக்கு 5,700 சுற்று சுற்றும்போது. மூன்றாவது கியரில் 1,500 சுற்றில் முனகிக்கொண்டிருக்கும்போது முழுசாக மிதித்தாலும் இருபதுக்குள்தான் கிடைக்கும். அதில் ஏ.சி. கம்ப்ரஸர் இரண்டு, மூன்றைப் பிடுங்கிக்கொள்கிறது. மிச்சம் இருப்பது ஏறுவதற்கே சரியாகப் போய்விடும். வேகம் எடுக்க ஒன்றும் இருக்காது. டர்போ இல்லாத சின்ன என்ஜின் சுற்றினால்தான் வேலை செய்யும். இதன் உச்ச முறுக்குவிசையே 4,300 சுற்றில்தான் வருகிறது. ஆகவே ஒரு கியர் குறைத்து, சத்தம் வந்தாலும் பரவாயில்லை என்று ரேஸ் கொடுக்க வேண்டும். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று உயர்ந்த கியரிலேயே வண்டியைத் திணறவிடுபவர்கள் மிச்சமும் பிடிப்பதில்லை, என்ஜினுக்கும் நல்லது செய்வதில்லை.

கியர் மாற்றும் வேலையை வண்டியிடமே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஏ.எம்.டி. 2014-இல் மாருதி செலெரியோ வழியாக இந்தியாவில் பரவியது. பலர் நினைப்பதுபோல் இது தனி வகை கியர்பெட்டி கிடையாது. அதே சாதாரண கியர்பெட்டி, அதே கிளட்ச்; நம் இடது காலும் கையும் செய்ததை மின்னும் எண்ணெய் அழுத்தமும் செய்கின்றன. கிளட்ச் பிரிந்து, கியர் மாறி, திரும்பச் சேரும் வரை சக்கரங்களுக்கு விசை போகாது. அந்த அரைவினாடியில் வண்டி மெல்லப் பின்வாங்கி, பிறகு முன்னே பாயும்; உள்ளே இருப்பவர்களின் தலை ஒருமுறை ஆடும். நாமே கியர் போடும்போதும் இதே இடைவெளி உண்டு, ஆனால் எப்போது வரும் என்று நமக்குத் தெரிவதால் உடம்பு தயாராக இருக்கிறது. கியர் மாறும் தருணத்தில் காலைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி அழுத்தினால் ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். மேம்பாலச் சரிவில் நெரிசலில் நிற்கும்போது மட்டும், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை அப்படியே பிடித்து வைக்காதீர்கள். அது அரை கிளட்ச். தேய்வது உங்கள் கிளட்ச் தகடு. பிரேக்கை மிதியுங்கள்.

மைலேஜ். தமிழ்நாட்டில் காரைப் பற்றிக் கேட்கப்படும் முதல் கேள்வியும், பல வீடுகளில் கடைசிக் கேள்வியும் இதுதான். ஸ்விஃப்டின் அதிகாரபூர்வ எண் லிட்டருக்கு 24.8 கி.மீ. சென்னைக்குள் ஓட்டுபவருக்கு 15 கிடைத்தால் புலம்பாமல் இருக்கலாம். இடையில் உள்ள பத்து கிலோமீட்டர் எங்கே போயிற்று?

அந்த அதிகாரபூர்வ எண் சாலையில் எடுக்கப்பட்டதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் காரை நிறுத்தி, ஒரு வரைபடத்தில் உள்ளபடி வேகத்தைக் கூட்டிக் குறைத்து அளந்தது. அந்தச் சோதனையின் உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. ஏ.சி. ஓடாது. கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது நல்ல அளவுகோல். உங்கள் மாதச் செலவைக் கணக்கிட உதவாது.

நகரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் எடை 1,000 கிலோ. அது 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனுள் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ ஒரு லட்சம் ஜூல். சிக்னலில் பிரேக் போட்டதும் அவ்வளவும் பிரேக் தகடுகளில் சூடாகிக் காற்றோடு போகிறது. பச்சை விழுந்து மறுபடி 50-ஐ எட்ட அதே ஒரு லட்சம் ஜூலைப் புதிதாகத் தர வேண்டும். நகர ஓட்டத்தில் என்ஜின், பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் என்று வைத்தால், எரிய வேண்டியது ஐந்து லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் இருப்பதால், கணக்கு 15 மில்லி என்று வருகிறது. மூன்று தேக்கரண்டி. லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஒவ்வொரு முழு பிரேக்குக்கும் ஒன்றரை ரூபாய். இது போதாதென்று சிக்னலில் ஏ.சி.யோடு நிற்கும் நேரம் முழுக்க வண்டி ஒரு அடிகூட நகராமல் குடித்துக்கொண்டே இருக்கிறது. வேகமாகப் போய்ச் சிக்னலில் காத்திருப்பவரை, தூரத்திலேயே சிவப்பைப் பார்த்துக் காலை எடுத்துவிட்டு மெல்ல உருண்டு வருபவர் மைலேஜில் ஜெயிப்பது இதனால்தான்.

அப்படி உருளும்போது நியூட்ரலில் போடலாமா? இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது ஒரு தலைமுறையின் சிக்கன வித்தை. கார்புரேட்டர் காலத்தோடு அதற்கு மவுசு போய்விட்டது. இப்போதைய வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், கணினி பெட்ரோல் ஊசிகளை அடியோடு மூடிவிடுகிறது; சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது, செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டால், என்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். மலை இறக்கத்தில் என்ஜின் தரும் பிடிமானமும் போய், எல்லாப் பாரமும் பிரேக்கில் விழும். செலவும் கூட, ஆபத்தும் கூட.

நெடுஞ்சாலையில் எதிரி வேறு, காற்று. டயர் உருள்வதற்கான தடை வேகத்தால் பெரிதாக மாறுவதில்லை. இந்தக் காருக்கு அது சுமார் 100 நியூட்டன். காற்றுத்தடையோ வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. 57, 58 கி.மீ. வேகத்தில் இரண்டும் சமம். அதற்கு மேல் காற்றின் ராஜ்யம். தோராயக் கணக்கில் 80 கி.மீ. வேகத்தைப் பிடித்துப் போக 9 குதிரைத்திறன், 100-க்கு 15, 120-க்கு 25. 82 குதிரைகளை வைத்துக்கொண்டு சமவெளியில் 100-இல் போகும்போது 67 குதிரைகள் சும்மா இருக்கின்றன. 80-க்கும் 120-க்கும் இடையே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சக்கரத்தில் செலவாகும் ஆற்றல் எண்பது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. சுமை கூடும்போது என்ஜின் சற்றுத் திறமையாக எரிப்பதால் பெட்ரோல் அதே விகிதத்தில் ஏறாது. ஆனாலும் பர்ஸுக்குத் தெரியும். மற்றபடி 80-இல் சீராகப் போனால் அந்த 24.8-ஐத் தொடுவது ஒன்றும் அதிசயமில்லை. சின்ன என்ஜினின் நன்மை இங்கேதான். பெரிய என்ஜினை 9 குதிரைத்திறனுக்கு ஓட்டுவதென்றால் அதன் காற்று வழியை முக்கால்வாசி அடைத்து மூச்சுத் திணறவைத்தே ஓட்ட வேண்டும். அந்தத் திணறலே ஒரு செலவு.

பின்பக்கம் செங்குத்தாக வெட்டப்பட்டிருப்பதால் ஹேட்ச்பேக்குக்குப் பின்னால் ஓடும் காற்று சுழன்று திரும்பி வந்து கண்ணாடியில் மோதும். மழைநாளில் சாலைச் சேறு முழுவதையும் அங்கே கொண்டுவந்து அப்பும். செடான்களில் பெரும்பாலும் இல்லாத பின்வைப்பர் இதில் இருப்பது அழகுக்கல்ல. விலை குறைந்த மாடலில் அதை எடுத்துவிட்டு விற்பதுதான் கஞ்சத்தனம்.

வேகத்தடை விஷயத்தில் சின்னக் கார்களுக்கு இரண்டு இடைஞ்சல்கள். முதலாவது எடை. 920 கிலோ காரில் நாலு பேரும் சாமானும் 330 கிலோ ஏறினால் சுமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இரண்டு டன் வண்டிக்கு அதே 330 கிலோ ஆறில் ஒரு பங்குதான். முழுச் சுமையிலும் அடி தட்டாமல் இருக்க ஸ்பிரிங்கைக் கடினமாக வைத்தால், தனியாக ஓட்டும்போது தூக்கிப் போடும். குடும்பத்தோடு போகும்போது வண்டி சொகுசாக இருக்கிறது, தனியாகப் போனால் கடகடக்கிறது என்பது பிரமையில்லை.

இரண்டாவது, சக்கரங்களுக்கு இடையே உள்ள 2.45 மீட்டர். முன்சக்கரம் வேகத்தடையில் ஏறி, 30 கி.மீ. வேகத்தில் 0.3 வினாடிக்குள் பின்சக்கரமும் அதில் ஏறுகிறது. முன்பக்கம் இன்னும் ஆடி முடிக்காத நேரத்தில் பின்பக்கம் ஆட ஆரம்பிக்கிறது. வண்டி தலையையும் வாலையும் மாறி மாறித் தூக்குகிறது. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மோரிஸ் ஆலி இதற்கு ஒரு வழி கண்டார். பின் ஸ்பிரிங் சற்று வேகமாக ஆடும்படி வைத்தால், தாமதமாக ஆடத் தொடங்கினாலும் முன்பக்கத்தை எட்டிப்பிடித்துவிடும், பிறகு இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும். ஓட்டுநருக்கு நல்லது. ஆனால் அந்தக் கடினமான பின் ஸ்பிரிங்குக்கு ஏறத்தாழ நேர் மேலே உட்கார்ந்திருப்பது யார்? வீட்டின் பெரியவர்கள். பின்சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்குவதும் இல்லை. முறுக்கக்கூடிய ஓர் இரும்புச் சட்டத்தால் இணைக்கப்பட்டவை. விலை மலிவு, டிக்கித் தரை தட்டையாக அமையும், ஒரு பக்கச் சக்கரத்தின் குழி மறுபக்கத்துக்கும் கொஞ்சம் போய்ச்சேரும். டெஸ்ட் டிரைவ் போகிறவர்கள் எல்லாரும் ஸ்டியரிங்கைப் பிடிக்கத் துடிப்பார்கள். பாதி தூரம் பின்சீட்டில் உட்கார்ந்து வந்து பாருங்கள். பிறகு அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டாம்.

இத்தனை சமரசங்களுக்கும் பதிலாக ஒன்று கிடைக்கிறது, துள்ளல். ஒரு காரைத் திருப்புவதற்கு அதன் நடுப்பகுதியைச் சுற்றி முழு எடையையும் சுழற்ற வேண்டும். இந்தச் சுழற்சித் தடை எடையையும் நீளத்தின் இருமடியையும் பொறுத்தது. நீளம் 15 சதவீதமும் எடை 30 சதவீதமும் கூடுதலான காரில் இது ஏறக்குறைய 70 சதவீதம் அதிகம். அதனால்தான் சின்னக் கார் ஸ்டியரிங்கைத் தொட்டதும் திரும்புகிறது. மைலாப்பூர்த் தெருக்களில் ஆட்டோவுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே நுழைந்து வரும்போது அந்தச் சுகம் தெரியும். 4.8 மீட்டர் ஆரத்தில் யூ-டர்ன் அடித்துவிடலாம். ஸ்டியரிங்கை இலேசாக்கும் மின்மோட்டார் ஏற்பாட்டை உற்பத்திக் காரில் முதலில் கொண்டுவந்ததும் ஒரு குட்டிக் கார்தான், 1988-இல் சுசுகி செர்வோ.

இலகுவான, உயரமான சின்ன வண்டி திடீரென ஒடிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை 1997 அக்டோபரில் உலகமே பார்த்தது. சுவீடனில் டெக்னிகன்ஸ் வேர்ல்ட் என்ற இதழ், சாலையில் மான் குறுக்கிட்டால் விலகுவது போன்ற சோதனையை மெர்சிடிஸ் ஏ-கிளாஸில் செய்தபோது கார் கவிழ்ந்தது. கம்பெனி விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, வண்டி சறுக்கத் தொடங்கியதும் ஒற்றைச் சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்டு நேராக்கும் இ.எஸ்.பி. கருவியை அந்த மாடல் முழுவதற்கும் பொருத்தியது. ஆடம்பரக் கார்களில் இருந்த அது சின்னக் கார்களுக்கு இறங்கி வந்ததில் அந்தக் கவிழ்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைய ஸ்விஃப்டில் எல்லா மாடல்களிலும் இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது கதவைச் சாத்தி, "தொப்" என்று கனமாகக் கேட்கிறதா, "டப்" என்று தகரமாகக் கேட்கிறதா என்று சோதிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தச் சத்தம் ரப்பர் பட்டைகளாலும் பூட்டின் அமைப்பாலும் வேண்டுமென்றே உண்டாக்கப்படுவது. வெளித்தகடு விபத்தில் பெரிதாக எதையும் தாங்குவதில்லை. தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் உறுதியான எஃகுக் கூடு. முன்பக்கம் திட்டமிட்டபடி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள, கூடு குலையாமல் நிற்க வேண்டும். இதைச் சோதிக்கத்தான் நட்சத்திரங்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில், நசுங்கக்கூடிய தடுப்பின் மீது காரை 64 கி.மீ. வேகத்தில் மோதவிடுகிறார்கள்.

அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. தடுப்பில் மோதுவது, தன் எடையே உள்ள இன்னொரு காரோடு மோதுவதற்குச் சமம். ஒரு டன் ஹேட்ச்பேக்கும் இரண்டு டன் எஸ்.யு.வி.யும் தலா 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதினால் கணக்கு மாறுகிறது. உந்தம் காக்கப்பட வேண்டும் என்பதால், எஸ்.யு.வி.யின் வேகம் 33 கி.மீ. குறையும், ஹேட்ச்பேக்கோ 50-இலிருந்து நின்று, பின்னோக்கி 17 கி.மீ. வேகத்தில் தள்ளப்படும். உள்ளிருப்பவர்களுக்கு அது 67 கி.மீ. மாற்றம், இரண்டு மடங்கு. ஐந்து நட்சத்திரம் வாங்கிய சின்னக் காரும் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பெரிய காரும் ஒன்றையொன்று சந்திக்கும்போது சமமில்லை. மரத்திலோ பாலச் சுவரிலோ மோதினால் நட்சத்திரம் அப்படியே பேசும். வாங்கும்போது இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஏர்பேக் எத்தனை இருந்தாலும் பின்சீட்டில் பெல்ட் போடாதவருக்கு எந்தக் கணக்கும் உதவாது.

வாங்கிய பிறகு வரும் செலவுகளில் பெரும்பாலானவை சலிப்பூட்டுபவை. ஆயில், வடிகட்டி, காப்பீடு. பங்கில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால், கலவையில் ஆறேழு சதவீதம் ஆற்றல் குறைவு. ஆக்டேன் எண் கூடுவதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி அமைத்த என்ஜின்களில் கொஞ்சம் மீளும். பழைய வண்டிகளில் மைலேஜ் குறைவதைத் தவிர்க்க முடியாது, ரப்பர் குழாய்களையும் கவனிக்க வேண்டும்.

டயர்களில் முன்னிரண்டும் பாவப்பட்டவை. என்ஜினும் கியர்பெட்டியும் முன்னால் இருப்பதால் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் அவற்றின் மீது. இழுப்பதும் அவை, திரும்புவதும் அவை, பிரேக்கில் பெரும்பங்கும் அவை. முன்னும் பின்னும் மாற்றிப் போடாவிட்டால் பின்டயர் புதுசாக இருக்கும்போதே முன்டயர் வழுக்கையாகிவிடும். காற்றைக் காலையில், டயர் சூடாகுமுன் பாருங்கள். காலையில் 33 காட்டியது மதியம் ஓடி வந்த டயரில் 36, 37 காட்டும். கூடிவிட்டதே என்று இறக்கினால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்டால், இலவசமாக அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

சென்னையிலோ கடலூரிலோ சின்னக் கார் வைத்திருப்பவர் தெரிந்திருக்க வேண்டியது இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கார்கள் பானெட் வரை முழுகி நின்றன. நின்ற என்ஜினுக்குள் தண்ணீர் போனால் அதை உலர்த்திவிடலாம். கொல்வது அடுத்த காரியம், வடிந்ததும் ஆவலோடு ஸ்டார்ட் பொத்தானை அழுத்துவது. 399 சி.சி. சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மீதி இருக்கும் இடம், சுருக்கம் 12 மடங்கு என்று வைத்தால், 36 மில்லிதான். காற்று அதற்குள் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. இரண்டரை மேசைக்கரண்டிக்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே வர வழியில்லாமல் முட்டி, அதைத் தாங்கும் கம்பி வளையும் அல்லது ஒடியும். முழு என்ஜினையும் பிரிக்க வேண்டி வரும். சாதாரணக் காப்பீட்டில் இதை உரிமையாளரின் செயலால் நேர்ந்த சேதம் என்று தள்ளிவிடவும் கூடும். என்ஜின் பாதுகாப்பு என்று தனியே ஒரு கூடுதல் காப்பீடு உண்டு. தாழ்வான தெருவில் வீடு என்றால் அந்தப் பணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் சாவியைத் தொடாமல் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ரெக்கவரி வண்டியை வரவழைத்துத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கயிறு கட்டிக் கியரில் இழுத்தாலும் என்ஜின் சுற்றத்தான் செய்யும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கையால் சுற்றினால் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே வெளியே பீறிடும். ஆயில் அளவுகோலை உருவி, ஆயில் வெளுத்துத் திரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திரிந்திருந்தால் ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடியும் ஒருமுறை மாற்ற வேண்டும்.